கல்யாணம் ஆகாதவருக்கு பாப் டெஸ்ட் எதற்கு?

கேள்வி:

எனக்கு 34 வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். பெங்களூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. நானும் ஒரு பெண்ணும் 6 வருடமாக அல்சூரில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறோம். அவருக்கு 36. வீட்டு ஓனருக்கு நாங்கள் ரூம்மேட், எங்களுக்கு நாங்கள் குடும்பம். ஒரு வருடமாக எனக்கு மாதவிடாய் ஒழுங்காக இல்லை. இரண்டு மூன்று மாதம் வராது. வந்தால் 12, 15 நாள் நிற்காது. முதலில் பார்த்த டாக்டர் "மேரிடா?" என்று கேட்டார். இல்லை என்றதும் பரிசோதிக்கவே இல்லை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று மாத்திரை எழுதி, "கல்யாணம் பண்ணிக்கோம்மா, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார், என் அம்மாவின் போன் நம்பரைக் கேட்டார். அதோடு ஆஸ்பத்திரி பக்கமே போகவில்லை. ஆண்களோடு எனக்கு எப்போதும் உறவு இருந்ததில்லை. எனக்கு பாப் டெஸ்ட் எல்லாம் தேவையா? டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம்? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? நாளைக்கு ஆபரேஷன் என்றால் யார் கையெழுத்துப் போடுவது?
— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்காத கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த 15 நாள் இரத்தப்போக்கை ஒரு வருடமாக யாரும் சரியாகப் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை அதுதான்.

மாதாமாதம் சினைமுட்டை வெளியானால், அதைத் தொடர்ந்து புரோஜெஸ்டிரோன் சுரக்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வை ஒரு கட்டுக்குள் வைத்திருந்து, நாள் வந்ததும் மொத்தமாகக் கழிந்துபோக வைப்பது அந்த ஹார்மோன்தான். முட்டை வெளியாகாத மாதங்களில் அது இருக்காது. ஈஸ்ட்ரோஜென் மட்டும் வேலை செய்துகொண்டே இருப்பதால் சவ்வு தடித்துக்கொண்டே போகும். பிறகு தாங்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, நாள்கணக்கில் கசியும். நீங்கள் எழுதியிருக்கும் "இரண்டு மூன்று மாதம் வராது, வந்தால் நிற்காது" என்பது இதற்குப் பொருந்துகிறது. பிசிஓடி காரணமாக இருக்கலாம். தைராய்டாக இருக்கலாம், புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகமாக இருக்கலாம், கர்ப்பப்பைக்குள் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருக்கலாம். பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் அப்படியே விட்டால் தடித்த சவ்வில் சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் வரும். அரிதாகப் புற்றுநோயும் வரும். கல்யாணம் பண்ணிக்கொண்டால் சவ்வு மெலியாது. புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் மெலியும்.

அதனால் இந்த மாதமே போங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஒரு ஸ்கேன் — இவ்வளவும் முதல் சுற்றிலேயே நடக்க வேண்டியவை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியம், அதாவது அந்த உள்சவ்வு, எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். அந்த எண்ணையும், அது மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு அதிகமாகத் தடித்திருந்தாலோ, மாத்திரைக்கு அடங்காவிட்டாலோ, சிறிது திசு எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், வெளிநோயாளிப் பிரிவிலேயே முடிகிற வேலை அது. ஆனால் மணிக்கு ஒரு பேட் நனைகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேண்டாம். அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும்.

சரி, அந்த "மேரிடா?" கேள்விக்கு வருவோம். டாக்டர்களான எங்கள் ஆட்கள் கேட்க நினைப்பது மூன்று விஷயங்கள்: கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, தொற்று வர வாய்ப்பு உண்டா, உள்பரிசோதனை செய்யலாமா. இந்த மூன்றையும் நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரே கேள்வியில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்கு மட்டும் ஆகாத கேள்வி இல்லை. ஆண் நண்பர் உள்ள கல்யாணமாகாத பெண், விவாகரத்தானவர், கணவர் துபாயில் இருக்கும் பெண் என்று யாரிடம் கேட்டாலும் தப்பான பதில்தான் வரும். உங்கள் விஷயத்தில் கூடுதலாக இன்னொன்றும் இருக்கிறது. படிப்பிலேயே உங்களைப் பற்றி யாரும் எங்களுக்கு உருப்படியாகச் சொல்லித் தரவில்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் சம்மத உறவை விலக்கியது 2018 செப்டம்பரில். அதற்கு 6 வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில், தடய மருத்துவப் பகுதியில் பெண்களுக்கிடையிலான உறவு மறுபடியும் இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் வந்து உட்கார்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். திருத்தியது நல்லதுதான். ஆனால் இன்றைக்கு உங்களுக்கு மருந்து எழுதும் 50 வயது டாக்டர் படித்தது திருத்தாத புத்தகத்தை.

கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துச் சோதிக்கும் பாப் டெஸ்ட் உங்களுக்குத் தேவை. உங்கள் துணைக்கும் தேவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவி என்ற வைரஸால் வருவது. அது தோலோடு தோல் உரசினாலே பரவும். விரல் வழியாகப் பரவலாம், இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பொருட்கள் வழியாகவும் பரவலாம். ஆணே இல்லாத உறவில் இது வராது என்று சில டாக்டர்கள்கூட நினைக்கிறார்கள், தப்பு. உங்கள் துணைக்கு உங்களுக்கு முன்பு வேறு உறவுகள் இருந்திருக்கலாம், சிலருக்கு வீட்டார் கட்டிவைத்து முறிந்த கல்யாணமும் இருக்கலாம். அதை நான் விசாரிக்கவில்லை, வைரஸும் விசாரிக்காது. வருடத்துக்கு 1,20,000 பேருக்கு மேல் இந்தியாவில் இந்தப் புற்றுநோய் வருகிறது. பல வருடம் முன்னோட்டம் காட்டிவிட்டு வருகிற நோய் என்பதால், வரும் முன்பே பிடித்துவிட முடிகிற ஒரு சில புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

நம் அரசின் பரிசோதனைத் திட்டம் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு, 5 வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. வயதைத்தான் பார்க்கிறது, தாலியை இல்லை. அரசு மையங்களில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள். தனியாரில் பாப் டெஸ்ட், 3 வருடத்துக்கு ஒரு முறை. எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை போதும். கட்டணம் கூடுதல், ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது: சாம்பிளை நீங்களே எடுத்துக்கொடுக்கலாம். முந்தைய அனுபவத்தால் பரிசோதனை மேஜையே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எல்லா லேபிலும் கிடையாது, போனில் கேட்டுவிட்டுப் போங்கள். எச்பிவி தடுப்பூசி 30 தாண்டியவர்களுக்குத் தரும் பயன் குறைவு; உங்கள் வயதில் பரிசோதனைதான் முதலில். ஊரில் அக்கா, தங்கை மகள்கள் இருந்தால் அவர்களுக்குப் போடச் சொல்லுங்கள். 2023இல் வந்த செர்வாவாக் நம் நாட்டிலேயே தயாராவது, 9 வயதிலிருந்து போடலாம்.

உள்பரிசோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் சம்மதத்தோடு மட்டும் நடப்பது. "சின்ன சைஸ் ஸ்பெகுலம் போடுங்கள்" (உள்ளே பார்ப்பதற்கான கருவி அது), "வலித்தால் நிறுத்துங்கள்", "நர்ஸ் கூட இருக்கட்டும்" என்று கேட்பதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. உள்ளே எதுவும் நுழைத்துப் பழக்கமே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள், டாக்டர் கையை அதற்கேற்ப வைத்துக்கொள்வார். உள்வழி ஸ்கேன் வேண்டாம் என்றால், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு மேல்வழியே எடுக்கலாம். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். உங்களிடம் கேட்காமலே "அன்மேரிட்" என்று எழுதி நல்ல ஸ்கேனை மறுப்பதும் தவறு, கேட்காமலே செய்வதும் தவறு.

டாக்டரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? உங்கள் வாழ்க்கைக் கதையை அவரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்குத் தேவையானதைச் சொன்னால் போதும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எனக்கு உடலுறவு உண்டு. துணை பெண். அதனால் கர்ப்பத்துக்கு வாய்ப்பில்லை. மற்ற பரிசோதனைகளைச் செய்யுங்கள்." வாயால் சொல்ல வரவில்லையா, போனில் தட்டெழுதி நீட்டுங்கள். அதற்கும் மனமில்லை என்றால் "உடலுறவு உண்டு" என்ற ஒற்றை வரியே பாப் டெஸ்டுக்குக் கதவைத் திறந்துவிடும். ஆனால் நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் துணை பெண் என்பதைச் சொல்வது நல்லது. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற தொல்லை பெண்–பெண் இணையர்களில் இருவருக்கும் சேர்ந்தே இருப்பது சகஜம். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் திரும்பத் திரும்ப வரலாம். இவ்வளவுக்குப் பிறகும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னால் மல்லுக்கு நிற்காதீர்கள். இரத்தப்போக்கோடு வரும் எல்லோருக்கும் அதைச் செய்வது எங்கள் வழக்கம். அதில் உங்கள் மேல் சந்தேகம் ஏதும் கிடையாது.

எந்த டாக்டர் என்று தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கிளினிக்குக்கு போன் போட்டு, பெயர் சொல்லாமல், "கல்யாணமாகாத பெண்களுக்கு மேடம் பாப் டெஸ்ட் செய்வாங்களா?" என்று மட்டும் கேளுங்கள். "செய்வாங்க, பீரியட்ஸ் இல்லாத நாளாப் பாத்து வாங்க" என்று பதில் வந்தால் போகலாம். "கல்யாணம் ஆகலைன்னா எதுக்கும்மா?" என்றால் வைத்துவிடுங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் டாக்டரின் வாயைத்தான் பேசுவார். பால் புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) தங்களுக்குள் தொகுத்து வைத்திருக்கும் டாக்டர் பட்டியல்களும் உண்டு, சங்கமா போன்ற அமைப்புகள் பெங்களூரில் பல வருடமாக வேலை செய்கின்றன. கேட்டால் வழி சொல்வார்கள். பட்டியலில் இருந்தாலும் அந்த போனைப் போட்டுவிட்டே போங்கள்.

பெங்களூர்த் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அல்சூரிலும் ஃபிரேசர் டவுனிலும் தமிழ் பேசும் டாக்டர் கிடைப்பார், மனதில் இருப்பதை நம் பாஷையில் சொல்லலாம். ஆனால் அவரே ஓனரம்மாவுக்கும் டாக்டராக இருப்பார், சோமேஸ்வரர் கோயிலில் உங்களைப் பார்த்து "எப்படி இருக்கே?" என்று நலமும் விசாரிப்பார். இதற்காகவே ஜெயநகர், மல்லேஸ்வரம் என்று தூரமாய்ப் போய், அரைகுறை ஆங்கிலத்தில் பாதியை விழுங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆட்டோ செலவு போனாலும் பரவாயில்லை, தூரத்து டாக்டர் நல்ல யோசனைதான். அதற்காக விஷயத்தை விழுங்க வேண்டாம். ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள். பணம் தடையென்றால் அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு: சிவாஜிநகர் பவுரிங், கோட்டைப் பக்கம் வாணி விலாஸ், புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் கித்வாய். கூட்டம் இருக்கும், தனிமை இருக்காது. ஆனால் கூட்டத்தில் யாரும் உங்கள் குடும்பக் கதையைக் கேட்க நேரமில்லாமல் இருப்பார்கள் என்பதும் ஒரு சௌகரியம்.

இரண்டாவது டாக்டர் செய்ததைப் பற்றி நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஈர்ப்பை "மாற்றும்" சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் செய்வது தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. அதனால் யாராவது உங்களை "சரிசெய்ய" முயன்றால் கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். உங்கள் பெயர் வெளியே வரும் அபாயத்தை எடைபோட்டுத்தான் முடிவு செய்ய முடியும். ஒளிந்து வாழ்வதன் களைப்பு இருக்கிறதே, அதற்காக யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அது வேறு விஷயம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? வயதுவந்த நோயாளியின் விவரத்தை அவர் அனுமதியில்லாமல் அம்மாவிடம் சொல்ல டாக்டருக்கு உரிமை கிடையாது. 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே அது இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் விஷயம் கசிவது டாக்டர் வாயால் இல்லை, பதிவு கவுண்டர் வழியாக. என்றோ ஒருநாள் அம்மாவை பிபிக்குக் கூட்டிப்போன அதே ஆஸ்பத்திரியில் அம்மாவின் நம்பர்தான் உங்கள் பெயரிலும் பதிவாகியிருக்கும்; பாப் ரிப்போர்ட் நேராக கிருஷ்ணகிரிக்கு வாட்ஸ்அப்பில் போய் இறங்கும். முதல் வேலையாக நம்பரையும் மெயிலையும் மாற்றுங்கள். "ஃபைலில் என்ன எழுதுகிறீர்கள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். துணை பெண் என்பது எழுதப்பட வேண்டாம் என்றால் சொல்லுங்கள். பாப் டெஸ்டுக்கு அந்த வரி தேவையில்லை. கம்பெனி இன்ஷூரன்ஸில் படுத்தால் டிஸ்சார்ஜ் சம்மரி காப்பீட்டு ஆட்கள் கைக்குப் போகும் என்பதையும் மனதில் வையுங்கள். இன்ஷூரன்ஸ் என்றதும் ஒன்று: சில நிறுவனங்கள் துணையையும் பாலிசியில் சேர்க்கின்றன, இஎஸ்ஐயில் அதற்கு இடமில்லை. இருவரும் தனித்தனியாக ஒரு பாலிசி எடுத்துக்கொள்வதுதான் நிம்மதி.

இனி கையெழுத்து. நினைவோடு இருக்கும் வரை உங்கள் உடம்புக்கு உங்கள் கையெழுத்துதான் செல்லும். தில்லியில் 44 வயதுத் திருமணமாகாத பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக (வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்ப்பது) மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, "வீட்ல யாரையாவது வரச்சொல்லுங்க" என்று கவுண்டரில் சொன்னால், பெரும்பாலும் அவர்கள் தேடுவது பில்லுக்குப் பொறுப்பேற்கும் ஆளைத்தான். அதில் உங்கள் துணை கையெழுத்துப் போடலாம். உயிர்போகும் அவசரத்தில் யார் கையெழுத்துக்கும் காத்திராமல் சிகிச்சை தொடங்க வேண்டும்.

நினைவு இல்லாத நிலையில்தான் சிக்கல். 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டதால், சட்டப்படி உங்கள் துணை "உறவினர்" ஆக மாட்டார். அம்மாவும் அண்ணனும் வந்து நின்றால் டாக்டர்கள் அவர்கள் பக்கம்தான் திரும்புவார்கள். இதற்கென்று முழுமையான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. இருக்கிற துண்டுகளை வைத்து ஒட்டுப்போட வேண்டும். மனநலச் சிகிச்சைக்கு மட்டும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது: வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, நீங்கள் விரும்பும் வயதுவந்த ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். மீள முடியாத நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி, யாரிடம் பேச வேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திடலாம். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதைத் தன் ஆஸ்பத்திரிகளுக்குச் சுற்றறிக்கையாகவே அனுப்பியது. இவை இரண்டுக்கும் நடுவில், சாதாரண ஆபரேஷன்களுக்கு, "என் சார்பில் இன்னாரிடம் பேசுங்கள், என் நிலையை அவரிடம் சொல்லுங்கள்" என்று ஒரு கடிதம் எழுதி, அட்மிஷன் அன்றே ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். அண்ணன் வந்து சத்தம் போட்டால் அந்தக் காகிதம் கோட்டைச் சுவராக நிற்காது. ஆனால் என்னைப் போன்ற ஒரு டாக்டருக்கு, நோயாளி யாரை விரும்பினார் என்பதற்கு எழுத்தில் ஒரு ஆதாரம் கையில் இருப்பது பெரிய துணை. வங்கியில் இருவர் பேரில் ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கவும் நாமினி போடவும் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஆஸ்பத்திரி அட்வான்ஸ் கட்ட அந்த அக்கவுண்ட் உதவும். உங்கள் துணையும் இதே காகிதங்களை உங்கள் பேருக்கு எழுதி வைக்கட்டும்.

கடைசியாக, நடைமுறை விஷயம். பாப் டெஸ்டுக்கு இரத்தப்போக்கு இல்லாத நாளாகப் பாருங்கள்; அதற்கு முந்தைய இரண்டு நாள் உறவும் வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். உங்களுக்கு எப்போது நிற்கும் என்று தெரியாத நிலையில் அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் போக்கு இருக்கும்போதே செய்யலாம். துணையையும் கூட்டிப்போய் அவருக்கும் அதே நாளில் ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும், அந்த மில்லிமீட்டர் கணக்கோடு எழுதுங்கள்.